பல்கலைக்கழக விண்வெளி ஆய்வுகூடத்தில் எலக்ட்ரோனிக்ஸ் பொறியியலாளர் என்ன செய்வார்? மலையகத்தில் இருந்து அங்கே போக முடியுமா?

ஹட்டனில் உயர்தர கணிதப் பிரிவில் படிக்கும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். முடியும். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். பேராதனையில் பொறியியல் படித்தேன். அப்புறம் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சிறிய செய்மதிகளின் மின்வழங்கல் பகுதியில் வேலை செய்தேன். இப்போது கண்டியில் இருக்கிறேன்.

மின்சுற்று வரைவது அந்த வேலையில் சிறு பங்குதான். மேலே போன பொருளை யாரும் கழற்றிப் பார்க்க முடியாது. அதனால் என்னென்ன பழுது வரலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றையும் தரையிலேயே வரவழைத்துப் பார்ப்பதில்தான் நாட்கள் போகும்.

தரையில் சூடாகும் ஐசி (பல மின்னணு உறுப்புகள் அடங்கிய சிறு சில்லு) காற்றில் ஆறிவிடும். வெற்றிடத்தில் அந்த வசதி இல்லை. சூடு மின்சுற்றுப் பலகையின் செம்பு வழியே செய்மதியின் சட்டகத்துக்குப் போய், அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். எனவே ஒரு திருகாணி எங்கே வரும் என்பதுகூட எங்கள் கணக்கில் சேரும்.

அடுத்தது விண்வெளித் துகள்கள். ஒரு துகள் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் மாறினால் திருத்திக்கொள்ளலாம். லாட்ச்-அப் வந்தால்தான் ஆபத்து. ஐசிக்குள்ளேயே குறுக்குப் பாதை திறந்து மின்னோட்டம் எகிறும். உடனே மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் ஐசி கருகிவிடும். அதற்காக ஒவ்வொரு மின்வழியிலும் மின்னோட்டத்தை அளந்து, அளவு மீறினால் துண்டித்து, சற்றுப் பொறுத்து மறுபடி கொடுக்கும் சுற்று ஒன்றை வைப்போம். நான் அதிக காலம் உழைத்தது அதில்தான். இன்றும் எனக்கு மிகப் பிடித்த சுற்று அது.

அன்டெனாவும் அப்படித்தான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து விடப்படும் கியூப்சட் எனும் சிறிய பெட்டி வடிவச் செய்மதி, முதல் 30 நிமிடம் அன்டெனாவை விரிக்கவோ சிக்னல் அனுப்பவோ கூடாது. நேரம் முடிந்ததும் ஒரு கம்பி சூடாகி, அன்டெனாவை மடக்கிக் கட்டியிருக்கும் தங்கூசியை (நைலோன் போன்ற இழையை) உருக்கும். குளிரில், பட்டரி இறங்கிய நிலையில், வெற்றிடத்தில் என்று அதைத் திரும்பத் திரும்பச் சோதிப்போம். அது அறுபடாவிட்டால் செய்மதியோடு பேச வழியே இருக்காது.

நம் நாட்டின் முதல் செய்மதிகளில் ஒன்றான ராவணா-1 என்ற கியூப்சட் வந்ததும் இப்படியொரு ஆய்வுகூடத்தில் இருந்துதான். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில், பேர்ட்ஸ்-3 திட்டத்தில், நேபாளம், ஜப்பான் ஆகியவற்றின் செய்மதிகளோடு சேர்த்து இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் அதை உருவாக்கினார்கள். பக்கம் 10 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ அளவில். 2019 ஜூனில் விண்வெளி நிலையத்தில் இருந்து விடப்பட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நம் பாடசாலைகள் பலவற்றில் கணிதம், பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத குறை எனக்குத் தெரியும், கோபமும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், எனவே ஐசிகளின் டேட்டாஷீட்களை (தயாரிப்பாளர் தரும் ஆங்கில விவரத் தாள்களை) இப்போதே வாசித்துப் பழகுங்கள்.

கூடவே ஒரு ரிசீவர் செய்யுங்கள். யூஎஸ்பி எஸ்டிஆர் டொங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) ஒன்று, அன்டெனாவுக்குத் தலா 53 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய்கள். இரண்டையும் 120 பாகை விரித்து வைத்தால், 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செய்மதிகள் அனுப்பும் படங்களைப் பிடிக்கலாம். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் தாழ்வாகப் போகும் செய்மதியை மலை மறைக்கும். தலைக்கு மேலே உயரமாகக் கடக்கும் நேரங்களைப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மேட்டுக்கு ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்குமுன் அன்டெனாவைக் கட்டாயம் இறக்கிவிடுங்கள்.

எந்த நாள், எவ்வளவு உயரத்தில் கடந்தது, சிக்னல் எப்படி வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆய்வுகூடத்துக்கு மாணவர்களை எடுக்கும்போது நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்த மாதிரிக் கொப்பிகளைத்தான்.