ஆளரவமற்ற மலைத்தடங்களில் ஒரு குழுவைச் சைக்கிளில் அழைத்துச் செல்வது எப்படி?

பல ஆண்டுகளாக மலை சைக்கிள் ஓட்டுகிறீர்கள். அடுத்த மாதம் ஏழு பேரை, கைப்பேசி சிக்னல் எட்டாத காட்டுத் தடங்களில் இரண்டு நாள் பயணமாகக் கூட்டிப்போகும் பொறுப்பு முதன்முறையாக வந்திருக்கிறது. எதில் கவனம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 11 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். கடைசியில் வருபவர் மீது கவனம் வையுங்கள். வேகம், ஓய்வு, நேரக் கணக்கு, திரும்பும் முடிவு எல்லாவற்றையும் அவரை வைத்தே தீர்மானியுங்கள்.

ஏற்றம் முடியும் இடத்தில் முதல் ஐந்து பேர் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுவார்கள். தண்ணீர் குடித்து, எதையாவது கொறித்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம்தான் கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவார். "எல்லாரும் வந்துவிட்டோம், கிளம்பலாமா?" என்று ஒரு குரல் எழும். மற்றவர்கள் ஹெல்மெட் வாரை மாட்டத் தொடங்குவார்கள். அவரும் கூச்சத்தோடு "நான் தயார்" என்பார். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. நாளெல்லாம் இப்படியே நடந்தால் மாலையில் விழப்போவது அவர்தான்.

நான் வழிநடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் அப்படித்தான் ஒரு பெண் விழுந்தார். பாறைகள் நிறைந்த இறக்கத்தை நன்றாகவே கடந்துவிட்டு, அதற்கு அப்பால் எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு வளைவில் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அன்று நான்கு முறை, அவர் வந்து சேர்ந்ததுமே கிளம்பியவன் நான். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கடைசி ஆள் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும். இதைக் காலையிலேயே அனைவருக்கும் சொல்லிவிடுவேன். பொது விதியாகச் சொல்லிவிட்டால், தனக்காக எல்லாரும் காத்துக் கிடக்கிறார்களே என்ற சங்கடம் அவருக்கு வராது.

கடைசி இடத்தைப் பலவீனமானவரிடம் விட்டுவிடாதீர்கள். அவருக்கும் பின்னால், குழுவில் உங்களுக்கு அடுத்தபடியாக அனுபவம் உள்ளவர் வர வேண்டும். முதலுதவிப் பையும் முக்கியமான கருவிகளும் அவரிடமே இருக்கட்டும். முன்னால் போகிறவரிடம் பை இருந்தால், விபத்து நடந்ததும் அவர் ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் திரும்பி வர வேண்டியிருக்கும். பின்னால் இருப்பவர் இறக்கத்திலேயே வந்து சேர்ந்துவிடுவார். ஏழு பேரை ஒருவராகச் சமாளிப்பது கடினம். அப்படி ஒரு துணை கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பாதை பிரியும் இடங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் உங்களுக்கு நேர் பின்னால் வருபவரை அங்கேயே நிறுத்துங்கள். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கடைசிக் காவலாக வருபவர் வந்து சேரும்வரை அவர் நகரக் கூடாது, இருபது நிமிடம் ஆனாலும் சரி. இதற்கு வாக்கிடாக்கி எதுவும் வேண்டாம். ஆனால் "கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்கிறேன்" என்று ஒருவர் நகர்ந்தாலும் மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும். அதனால் கிளம்பும்போதே அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். 1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு சுமார் 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சைக்கிளைத் தள்ளியும் தோளில் சுமந்தும் போக வேண்டிய பகுதிகளுக்கு நான் இதையே வைத்துக்கொள்கிறேன். ஓட்டக்கூடிய தடத்திலும் உங்கள் தனி வேகத்தை நம்பாதீர்கள். நான் தனியாக மூன்று மணி நேரத்தில் முடிக்கும் தடம், எட்டுப் பேராகப் போனால் ஐந்தரை மணி நேரம் எடுக்கிறது. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் கால் மணி நேரம் எல்லாருக்கும் போகிறது.

எத்தனை மணி ஆனதும், எங்கே இருந்தாலும், திரும்பிவிடுவோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. வழியில் வாகனச் சாலைக்கு இறங்கக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தாலும் காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். குளிரில் பேட்டரி வேகமாகத் தீரும்.

வண்டிகளை முந்தின நாளே பாருங்கள். பஞ்சருக்கு எல்லாரும் தயாராக வருவார்கள். பயணத்தையே நிறுத்திவிடுவது பெரும்பாலும் ஹேங்கர்தான். பின் சக்கரத்தருகே கியர் மாற்றியைத் தாங்கிப் பிடிக்கும் சிறிய அலுமினியத் துண்டு அது. அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தானே வளைந்து உடைய வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. சிக்கல் என்னவென்றால், வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறும். 2019-ல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் எஸ்ராம் நிறுவனம் பொதுவான ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்தது. பல தயாரிப்பாளர்கள் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. எனவே ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு உரிய ஹேங்கரைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

ஒருமுறை சுண்டுவிரல் பருமன் உள்ள காய்ந்த குச்சி ஒன்று எங்களில் ஒருவரின் பின் சக்கரத்தில் மாட்டியது. "டக்" என்ற சத்தம்தான் கேட்டது. கியர் மாற்றி செயினோடு தொங்கிக்கொண்டிருந்தது. மாற்று ஹேங்கர் இல்லை. செயினை அறுத்துச் சுருக்கி, நடுப் பல்சக்கரம் ஒன்றில் போட்டு ஒற்றை கியர் வண்டியாக மாற்றினோம். நூறு மீட்டர் போனதும் செயின் அறுந்தது. பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள பெரும்பாலான வண்டிகளில், சஸ்பென்ஷன் அமுங்கும்போது பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடும். வண்டி சும்மா நிற்கும்போது இழுத்துப் பிடித்து அளந்த செயின், ஆள் ஏறி ஒரு குழியில் இறங்கியதும் தாங்கவில்லை. இரண்டாம் முறை சஸ்பென்ஷன் காற்றை இறக்கி, முழுவதும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தோம். மீண்டும் காற்றடித்தபோது செயின் சற்றுத் தொய்ந்து தொங்கியது, ஏற்றத்தில் அவ்வப்போது கழன்றது. ஆனாலும் அறுபடாமல் மாலைக்குள் சாலைக்கு வந்துவிட்டோம். செயினைச் சேர்க்கும் இணைப்புக் கண்ணியும் 10, 11, 12 கியர் வண்டிகளுக்கு வேறு வேறு. குழுவில் இருக்கும் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கண்ணிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப் இல்லாத டயர்களில், சிறு ஓட்டைகளை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். எப்போது ஊற்றினார்கள் என்று கேளுங்கள். நினைவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் உள்ளே வைத்து அடைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, மாற்று டியூப், பிரேக் பேடு ஆகியவையும் வேண்டும். ஈர மணலில் ஓட்டினால் புதிய பேடுகூட ஒரே நாளில் தேய்ந்துபோகலாம்.

பேட்டரி வண்டியில் வரலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தூக்க முடியுமா, இரண்டாம் நாளுக்குப் பேட்டரி வருமா என்று அவரையே கேளுங்கள்.

இறக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1976-ல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், மலைச்சரிவு மண்சாலை ஒன்றில் பழைய சைக்கிள்களை வைத்துப் பந்தயம் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, அதற்குள் இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வோர் இறக்கம் முடிந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' (மறுபடி அடைப்பது) என்று பெயர் நிலைத்தது. இன்றைய டிஸ்க் பிரேக்குகள் எவ்வளவோ மேல். இப்போது பிரேக்குக்கு முன்னால் களைத்துப்போவது கைகள்தான். நீண்ட இறக்கத்தில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கையுறையைக் கழற்றி விரல்களை விரித்துக் காட்டச் சொல்வேன். ஒருவருக்குச் சுட்டுவிரல் கொக்கிபோல மடங்கியே நிற்கும், மறுகையால் பிடித்து நிமிர்த்துவார். "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் வாய் சொல்லும். நான் விரலைத்தான் நம்புவேன். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவோம்.

இறங்கத் தொடங்கும் முன் எல்லாரும் ஜாக்கெட் போட்டாக வேண்டும். ஏற்றத்தில் நனைந்த வியர்வை, இறக்கத்தின் காற்றில் உடலை வெகு சீக்கிரம் குளிர்வித்துவிடும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த விரல் பிரேக் பிடிக்காது.

கடினமான பகுதி வந்தால் முன்பே நிறுத்தி, நடந்துபோய் எல்லாருக்கும் தடத்தைக் காட்டுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். முதல் நாள் காலையில், என்னால் எளிதாக ஓட்டக்கூடிய ஒரு பாறைப் படியில் வேண்டுமென்றே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். வழிகாட்டியே இறங்கி நடந்துவிட்டால், பிற்பகலில் பயப்படுகிறவர் தயக்கமின்றி இறங்குவார். இறங்கி நடந்தவர்கள் யாரும் என் குழுவில் எலும்பை முறித்துக்கொண்டதில்லை.

விபத்து நடந்தால் முதல் வேலை, மேலிருந்து வருகிறவர்களை நிறுத்துவது. ஒருவர் முப்பது நாற்பது மீட்டர் மேலே போய் வண்டியைக் குறுக்கே கிடத்திவிட்டு நிற்க வேண்டும். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு, மாற்று டியூப் ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு முடிந்து கையைத் தொங்கவிட்டோம். ரப்பர் என்பதால் நடக்கும்போது அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. இரண்டு மணி நேரம் நடந்து வெளியே வந்தார். தலையில் அடிபட்டவர் விஷயத்தில் பேரமே கிடையாது. குழப்பம், குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது என எதைக் கண்டாலும் அவர் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. கழுத்தில் வலி என்றால் அசைக்காமல் உதவிக்குக் காத்திருங்கள்.

உதவியை அழைக்க, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அவசர பீக்கன் ஒன்றோ செயற்கைக்கோள் மெசஞ்சர் ஒன்றோ இல்லாமல் கிளம்பாதீர்கள். பீக்கனின் அழைப்பை 1982 முதல் இயங்கிவரும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேசச் செயற்கைக்கோள் அமைப்பு பிடித்து மீட்புக் குழுவுக்கு அனுப்பும். அதற்குச் சந்தா வேண்டாம், ஆனால் கருவியைப் பதிவு செய்திருக்க வேண்டும். மெசஞ்சருக்குச் சந்தா உண்டு. அதில் இருபக்கமும் செய்தி பேசிக்கொள்ளலாம் என்பதால் நான் அதையே எடுத்துப்போகிறேன். இரண்டுக்கும் திறந்த வானம் தேவை. எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்பதை வேறு இருவருக்கும் காட்டிவிடுங்கள். விழுந்து கிடப்பது நீங்களாகவும் இருக்கலாம். ஆளுக்கொரு விசிலும் வேண்டும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிட அமைதி. இதுதான் மலைகளில் அபாயக் குறி. பதில், நிமிடத்துக்கு மூன்று. இரண்டு நாள் வனப்பகுதி முதலுதவிப் பயிற்சிக்கு உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. போய்விட்டு வாருங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அனைவரையும் அரை நாள் ஓட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அங்கே யார் வேகமானவர் என்று பார்க்க வேண்டாம். யார் சாப்பிடாமலே ஓட்டுகிறார், யார் பிரேக் உரசுவதைச் சொல்லாமல் மறைக்கிறார் என்று பாருங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, பழைய காயம் பற்றி ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது. இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது கடைசிக் காவலருக்கும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் தடத்தின் நீளத்தையும் மொத்த ஏற்றத்தையும் எழுதுங்கள். முதல் நாள் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் திரும்பும் முடிவை எடுக்க வேண்டும் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.