பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் 'கதவு, கதவு' என்கிறார். ஆனால் பழைய பாட்டு வரி பிசகாமல் வருகிறது. கோபம் வந்தால் கெட்ட வார்த்தையும்! பிடிவாதம் என்று நினைத்து, 'தண்ணீர்னு சொன்னாத்தான் தருவேன்' என்று அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆறு மாதம் தாண்டினால் பேச்சு வரவே வராதாமே?

பதில்: முதலில் அந்த டம்ளரை அப்பாவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இது பிடிவாதம் இல்லை.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே அசைதான் அவர் வாயில் வரும். ஆனால் கோபம் தலைக்கேறினால் ஒரு வசவு மட்டும் தெளிவாக வந்து விழும். அவர் இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. யோசித்து, சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது பெரும்பாலோருக்கு இடது மூளையின் வேலை. மனப்பாடமான பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, வசவு இதெல்லாம் தேடாமலே வருபவை, அதனால் தப்பித்துக்கொள்கின்றன. மூளை பாதிக்கப்பட்டு இப்படிச் சொல் வராமல் போகும் நிலைக்கு அஃபேசியா என்று பெயர். அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குரிய சொல்தான் கைக்கு அகப்படவில்லை.

'இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்' என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் யாருக்கும் வாய் திறக்கத் தோன்றாது. டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். 'தண்ணியா, காபியா?' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். இதுதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது. அவர் 'கதவு' என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் காட்டினால், 'தண்ணியா? இந்தாங்க' என்று கொடுங்கள். சரியான சொல் அவர் காதில் விழுந்தால் போதும். ஆமாம், இல்லை என்பதுகூட மாறி வரலாம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டு வருவது நல்ல விஷயம்தான், ஆனால் பாடப் பாடப் பேச்சு தானாக வந்துவிடாது. சிறு வாக்கியத்தை ராகம்போல இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லி, பிறகு ராகத்தை மெல்லக் குறைத்துக்கொண்டு வரும் பயிற்சி ஒன்று 1970-களிலிருந்தே இருக்கிறது. அப்பாவுக்கு அது ஒத்துவருமா என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆறு மாதக் கெடு பற்றி: முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் வேகம் குறையும். ஆனால் நின்றுவிடாது. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று, ஆறு மாதம் தாண்டியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. அவர்கள் வயது 70-க்குள். வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் தெரபி கொடுத்ததில், அன்றாடப் பேச்சு மேம்பட்டது. வாரம் அரை மணி நேரம் போய்வந்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இருக்கிற பேச்சும் திடீரென்று குழறினாலோ, முகம் கோணினாலோ, தெரபி நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.