பதில்: பத்துப் படமும் பத்துப் பேர் எடுத்ததுபோல் இருக்கிறது

ஃபேஷன் புராஜெக்டில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, ஒரே ப்ரீசெட் (எடிட்டிங்கில் ஒரே சொடுக்கில் போடும் தயார் அமைப்பு) போட்டும் பலனில்லை என்கிறீர்கள். இருக்காதுதான். ப்ரீசெட் நிறத்தையும் வெளிச்ச அளவையும்தான் தொடும். வெளிச்சம் வந்த திசையையும் நீங்கள் நின்ற தூரத்தையும் மாற்றாது.

1948-இல் அமெரிக்க ஃபேஷன் புகைப்படக்காரர் இர்விங் பென் இரண்டு தட்டிகளைக் குறுகிய கோணத்தில் சேர்த்து, பிரபலங்களை அந்த மூலைக்குள் நிறுத்திப் படமெடுத்தார். இடம் ஒன்றுதான், அந்த இடுக்கில் யார் எப்படி நின்றார்கள் என்பதே படமானது. உங்களுக்கும் அப்படியொரு மூலை வேண்டும். ஒரே ஜன்னல், ஒரே 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா செய்யும் நிறச் சரிக்கட்டலை, 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் சிவப்பு உடைக்கு ஒரு தோல் நிறம், நீல உடைக்கு வேறொன்று வரும். ஒரு நாள் உழைப்பை நான் இப்படித்தான் பாழாக்கினேன்.

துணி கனத்த பருத்தி என்றீர்களே, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும். நெசவின் மேடுபள்ளம் எழுந்து தெரியும். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அட்டைபோல் தட்டையாகிவிடும்.

போஸ் பற்றி இப்போதே கவலை வேண்டாம். முதலில் மூன்று படங்கள் எடுத்து, சிறிதாக அச்சிட்டு, சுவரில் வரிசையாக ஒட்டிப் பாருங்கள். எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.