ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு வயது 41, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு மாதம் முன்பு அவருடைய பைக்கைக் கார் இடித்துத் தூக்கிப் போட்டது. பத்து நிமிடம் நினைவில்லை. சிடி ஸ்கேன் நார்மல் என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். இப்போது கணக்கில் தப்பு வருகிறது. டிவி சத்தம் கேட்டாலே பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறார் என்கிறார் மாமியார். தெரிந்த ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும், நகையை வைத்தாவது முன்பணம் கட்டுங்கள் என்கிறார். போடலாமா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஊசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கணவர் நடிக்கவில்லை. இதை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். ரத்தக்கசிவு உண்டா, மண்டையோட்டில் விரிசல் உண்டா, உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று பார்ப்பதற்குத்தான் சிடி. தலை குலுங்கியதில் மூளையின் நரம்பிழைகள் இழுபட்டால் அது பெரும்பாலும் அதில் தெரியாது. போன் சார்ஜர் வயர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இழை அறுந்து விட்டுவிட்டு சார்ஜ் ஏறும், அந்த மாதிரி.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ‘ஜி.சி.எஸ். 15/15’ என்று இருக்கும். அடிபட்டவருக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று பார்க்க, 1974-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் கொண்டுவந்த அளவுகோல் அது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா, அவ்வளவுதான் அதில் உண்டு. 15-க்கு 15 வாங்கியவர் கடைக் கணக்கைத் தப்பில்லாமல் எழுதுவார் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் நம் வார்டுகளில் அந்த எண்ணோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பத்து நிமிடம் நினைவில்லாமல் கிடந்தது சம்மரியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல சம்மரிகளில் அது இருக்காது.

கோபத்தை அடக்குவதும் கவனத்தை நிறுத்துவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை. வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூளை மூக்கருகில் காட்டுங்கள். சளி இல்லாதபோதும் வாசனை தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாசனை நரம்பு அந்த இடத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது, அதையும் மனதில் வையுங்கள்.

இந்த அளவு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நல்ல தூக்கம், கொஞ்ச நாள் அரை நாள் வேலை, மது கூடவே கூடாது, பைக் சாவி உங்களிடம். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் நரம்பு உளவியல் பரிசோதனை கேளுங்கள். ஞாபகம், கவனம், திட்டமிடல் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்புக்குமான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் உண்டு. நம் மாவட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அதற்கு ஆளே இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதல் நாள் ஸ்கேன் முதல் நாளுக்கு மட்டும்தான் சாட்சி. அறுபது தாண்டியவர்கள், குடிப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை போடுபவர்களுக்கு மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் சேரும். பாத்ரூமில் வழுக்கியது போதும். விழுந்ததே மறந்துபோயிருக்கும். தலைவலி நாளுக்கு நாள் கூடும், பகலெல்லாம் தூங்குவார், ஒரு காலை இழுத்து நடப்பார். வீட்டில் ‘வயசான மறதி’ என்பார்கள். மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிற ஒன்றை, மறதி என்று வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு 41 வயதுதான். என்றாலும் இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தால் அன்றைக்கே மறுபடி சிடி.

சரி, ஊசி. சில ரத்த நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம், ஆராய்ச்சியில் சேருபவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறி. அதாவது முன்பணம் கேட்டதுமே கதை முடிந்தது. அந்தத் தெரிந்தவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள். ‘மூளைக்குச் சத்து’ என்று எழுதித் தரும் சிட்டிகோலினும் அப்படித்தான். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் 90 நாள் சோதித்துப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத மாத்திரையை விட ஒரு பலனும் கூடுதலாக இல்லை.

அடுத்து வருபவர் இழப்பீட்டு புரோக்கராக இருப்பார். வெற்று வக்காலத்திலும் செக்கிலும் கையெழுத்து கேட்பார், 40 சதவீத ஊனச் சான்றிதழும் தானே வாங்கித் தருவதாகச் சொல்வார். சிகிச்சையே தராத டாக்டர்கள் தாராளமாக எழுதித் தரும் இந்த ரெடிமேட் சான்றிதழ்களைப் பற்றி 2010-லேயே ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை எச்சரித்திருக்கிறது. கை கால் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்க்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். கணக்கு எழுத முடியாத கணக்குப்பிள்ளைக்கு இது பெரிய பிடி. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, ஓ.பி. சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் புரோக்கர் இல்லாமல் வக்கீல் மூலம் நேரடியாகத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். அவரைக் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போவதும் இந்த அடியின் ஒரு பகுதி. கணக்கில் எங்கே தப்பு, பிள்ளைகளிடம் எப்போது கத்தினார் என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுபோய்ப் படியுங்கள். டாக்டர் அவசரத்தில் இருப்பார். அதைச் சீட்டில் ஏற்றும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.