கலேரா கிளஸ்டர்ல நோடுங்களுக்கு நடுவுல எஸ்எஸ்எல் நிஜமாவே ஓடுதான்னு எப்படிப் பார்க்கிறது?

கலேராங்கிறது பல மரியாடிபி டேட்டாபேஸ் சர்வர்களை (நோடு) ஒரே டேட்டாவோட சேர்த்து ஓட்டுறது, எஸ்எஸ்எல்ங்கிறது அதுங்களுக்கு நடுவுல போறதைப் பூட்டி அனுப்புறது. மரியாடிபி மூணு நோடுலயும் சர்டிஃபிகேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், கிளஸ்டர் சைஸ் 3ன்னு காட்டுது, அப்போ எல்லாம் ஓகேதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க, எஸ்எஸ்எல் இல்லாமலும் அது 3ன்னுதான் காட்டும்.

எரர் லாக்கைத் திறந்து ஸ்டார்ட் ஆன நேரத்துக்குப் போங்க. 'லிசனிங் அட்'னு ஒரு வரி இருக்கும், அதுல 0.0.0.0:4567க்கு (4567தான் நோடுங்க பேசிக்கிற போர்ட்) முன்னாடி எஸ்எஸ்எல்னு இருக்கா டிசிபின்னு இருக்கான்னு பாருங்க, டிசிபின்னா எல்லாம் வெட்டவெளியிலதான் போகுது. கான்ஃபிக்ல கிளஸ்டர் அட்ரஸோட ஆரம்பத்துல இருக்கிற ஜிகாம்ங்கிற வார்த்தை எப்பவும் அப்படியேதான் இருக்கும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எஸ்எஸ்எல்னு இருந்தா அடுத்து 'ஹேண்ட்ஷேக் சக்ஸஸ்ஃபுல்'னு ஒரு வரி, எதிர் நோடோட ஐபி, சைஃபர் (பூட்டுற முறை) பேரோட வரும். கிளஸ்டரையே தொடங்கி வைக்க முதல்ல பூட்ஸ்ட்ராப் பண்ற நோடுல இந்த வரி உடனே வராது, பயந்துடாதீங்க, கைகுலுக்க ரெண்டாவது ஆள் வந்தாத்தானே.

நான் மாட்டினது வேற இடத்துல. கான்ஃபிக் ஃபைல்ல மேல, கலேராவுக்கான செட்டிங் எல்லாம் போற ப்ரொவைடர் ஆப்ஷன்ஸ் வரியில எஸ்எஸ்எல் கீ, சர்டிஃபிகேட் எல்லாம் அழகா இருந்துச்சு, ஆனா கீழ எப்பவோ ஜிகேஷ் (சமீபத்திய மாற்றங்களைச் சேர்த்து வைக்கிற இடம்) சைஸை ஏத்துறதுக்குன்னு அதே பேர்ல இன்னொரு வரி போட்டு வச்சிருந்தேன், ரெண்டும் சேராது, கடைசி வரிதான் ஜெயிக்கும். மூணு நோடுக்கும் ஒரே ஃபைல்ங்கிறதால மூணும் ஒத்துமையா டிசிபியிலயே ஏறி உட்கார்ந்துடுச்சு, ஒரு எரர் கிடையாது (ஒண்ணு மட்டும் மாறி இருந்தா சேராம அடம்பிடிச்சிருக்கும், அன்னைக்கே மாட்டியிருப்பேன்). ரெண்டு வாரம் கழிச்சு வேற எதுக்கோ 4567ல டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல போறதை எட்டிப் பார்க்கிற டூல்) போட்டா கஸ்டமர் பேரெல்லாம் பளிச்சுன்னு ஓடுது. வயித்தைக் கலக்கிடுச்சு.

அதனால லாக்ல 'பாஸிங் கான்ஃபிக் டு ஜிசிஎஸ்'னு வர்ற நீளமான வரியையும் படிங்க, நீங்க எழுதினது இல்ல, கலேரா கையில போய்ச் சேர்ந்தது அதுலதான் தெரியும்.

அப்புறம் 4444 போர்ட்ல போற எஸ்எஸ்டி (புதுசா சேர்ற நோடுக்கு மொத்த டேட்டாவையும் காப்பி பண்றது) தனிக் கதை, இந்த எஸ்எஸ்எல் செட்டிங் அதைத் தொடாது. அந்தக் காப்பிக்கு மரியாபேக்கப் டூலை வச்சிருந்தா கான்ஃபிக்ல எஸ்எஸ்டி செக்ஷன்ல என்கிரிப்ட்டைத் தனியா ஆன் பண்ணணும், டெஸ்ட் நோடு ஒண்ணுல டேட்டா டைரக்டரியைக் காலி பண்ணி சேர்த்துவிட்டு அந்த லாக்கையும் ஒரு தடவை பார்த்துடுங்க.