நீலாம் பதிவில் சொந்தக் கருத்தை எழுதுவது பற்றி

வணக்கம் அம்மா. பினாங்கில் நான்காம் படிவத்தில் பயிலும் உங்கள் மகள், சயாம் மரண இரயில் பாதையைப் பற்றிய நாவலைப் படித்து எழுதிய நீலாம் (மலேசியப் பள்ளிகளின் வாசிப்புத் திட்டம்) பதிவில் கதைச்சுருக்கமே நிறைந்திருப்பதால், "உன் கருத்து எங்கே?" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

சுருக்கத்தை இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, நாவலின் எந்தப் பக்கத்தில் தன் மனம் நின்றது என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பாதை வேலைக்குத் தோட்டத்தில் ஆள் பிடிக்க லாரி வரும் காட்சி அவளை உலுக்கியிருந்தால், அந்த வரிகளைப் பார்த்தெழுதி, அதன் கீழே "இங்கே எனக்குக் கோபம் வந்தது, ஏனெனில் கங்காணி தடுத்திருக்கலாம்" என்பதுபோல், உணர்வையும் அதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். காரணம் சொல்லாத "மிகவும் பிடித்திருந்தது" போதாது. ஒரு கதாபாத்திரத்தின் முடிவு தவறு என்று அவளுக்குத் தோன்றினால், அதையும் தயங்காமல் எழுதட்டும்; மாறுபட்டுச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் நம் பிள்ளைகளிடம் அளவுக்கு மீறி இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

1942-43இல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த, ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஆகவே, குடும்பத்துப் பெரியவர்கள் எவரேனும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், அவர்கள் சொல்வதை நாவலோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்தியில் எழுத்துப்பிழை தவிர வேறெதையும் நீங்கள் திருத்த வேண்டாம்.