தோண்டியெடுத்ததெல்லாம் பொசில்

ஐயா, வணக்கம். பொசில் என்ற சொல் எப்படி வந்தது என்று தரம் 10இல் படிக்கும் என் மகன் கேட்டான். அகராதியைப் பார்த்தால், தோண்டுவது என்று ஒரு லத்தீன் மூலத்தைக் காட்டுகிறது. அவனுடைய பாடநூலிலோ உயிர்ச்சுவடு என்றிருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டுரைகளில் புதைபடிவம் என்கிறார்கள். தோண்டுவதற்கும் உயிருக்கும் என்ன தொடர்பு? பெற்றோலையும் பொசில் எரிபொருள் என்கிறோமே, அது டைனோசரிலிருந்து வந்ததா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

அகராதி சொல்வது சரிதான். லத்தீனில் ஃபொடெரே என்றால் தோண்டுதல். அதிலிருந்து வந்த ஃபொஸிலிஸ், தோண்டியெடுக்கப்பட்டது. உயிர் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1546இல் பொசில்களின் இயல்பு பற்றி எழுதிய நூலைப் புரட்டினால் உப்பு, காந்தக்கல், இரத்தினம் என்று கனிமங்கள்தான் நிறைந்திருக்கும். மண்ணுக்கடியில் கிடைத்த எல்லாமே அன்று பொசில்.

இதை உங்கள் மகனுக்கு விளக்க இரத்தினபுரியை விட நல்ல இடம் இல்லை. அங்கே மாணிக்கக்கல் தேடுகிறவர்கள் குழி வெட்டி, இல்லம் என்கிற சரளைப் படையை மேலே எடுத்துக் கழுவுவார்கள். அந்தச் சரளையில் நீலக்கல்லோடு நீர்யானையின் பல்லும் காண்டாமிருகத்தின் எலும்பும் கிடைத்திருக்கின்றன. இரண்டு விலங்குமே இன்று இலங்கைக் காடுகளில் இல்லை! கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல இவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டே, அழிந்துபோன ஓர் இலங்கைச் சிங்கத்தை 1939இல் அறிவித்தார். அக்ரிகோலாவைக் கேட்டால் நீலக்கல், பல் இரண்டையும் பொசில் என்பார். இன்றைய ஆசிரியர் பல்லை மட்டும்தான் சொல்வார்.

இடையில் என்ன நடந்தது? பாறைக்குள் கிடைத்த முக்கோணக் கற்களை ஐரோப்பியர் நாக்குக்கல் என்று அழைத்துவந்தார்கள். 1666இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, அவை சுறாப் பற்களே என்று வாதிட்டார். இப்படியான வாதங்கள் வலுத்து, 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பொசில் என்ற சொல் பழைய உயிர்களின் எச்சத்துக்கு மட்டும் என்று மெல்ல ஒதுங்கியது.

பெற்றோலுக்கு வருவோம். டைனோசர் கதையை விட்டுவிடச் சொல்லுங்கள். பெற்றோலியம் பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்ணுயிர்களிலிருந்தும், நிலக்கரி தாவரங்களிலிருந்தும் உண்டானவை.

தமிழ்ச் சொல்லைப் பொறுத்தவரை, எனக்கு உயிர்ச்சுவடுதான் பிடிக்கும். எலும்பே இல்லாமல் வெறும் காலடித்தடம் பாறையில் பதிந்திருந்தாலும் அது பொசில்தான். அதையும் இந்தச் சொல் இயல்பாக அணைத்துக்கொள்கிறது. புதைபடிவம் பிழையல்ல, அது புதைந்து கிடந்ததை முன்னால் வைக்கிறது. இரண்டையும் மகன் தெரிந்துவைத்திருக்கட்டும், பரீட்சையில் பாடநூலில் உள்ளதையே எழுதட்டும்.